படிமமும் பாடபேதமும்



படிமம் என்னும் சொல் கவிஞர்க்குப் புதிதன்று. கணிப்பொறித் துறையிலும் அது வழங்குகிறது. ஒரு மென்பொருளை எழுத்துப் பிசகாமல் எடுத்துவைத்த முழுப்படியை அங்கே படிமக் கோப்பு என்பர். உரிமையில்லாத ஒருவர் அதில் ஓரெழுத்தை மாற்றிவிட்டால் அறிவது எங்ஙனம்? ஏட்டுச்சுவடிக் காலந்தொட்டே தமிழ் இவ்வினாவை அறியும். பாடபேதம், இடைச்செருகல் என அதற்குப் பெயரும் இட்டது.

முன்னோர் இரு காவல் கண்டனர். ஒன்று ஒப்புநோக்கல். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டே பாடம் துணிந்தார். மற்றொன்று யாப்பு. அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் முதலாகும். இடையே ஒன்று உதிர்ந்தாலும் நுழைந்தாலும் தொடர் அறுந்து காட்டிக்கொடுக்கும். ஆயினும் பாட்டின் நடுவே ஒரு சொல்லை அதே சீரில் மாற்றினால் அந்தாதி அறியாது.

அக்குறையைக் கணிதம் நிரப்புகிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கின் வழியே செலுத்திக் குறுகிய எண்ணொன்றைப் பெறுகின்றனர். ஷா-256 என்னும் முறையில் அது 64 குறிகளால் எழுதப்படும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் அடியோடு மாறும். ஆனால் கோப்பைத் திருத்தியவனே எண்ணையும் திருத்தலாம் அன்றோ? ஆகவே ஆக்கியோர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவி கொண்டு அவ்வெண்ணுக்கு ஒப்பமிடுகின்றனர். அதனைச் சரிபார்க்கும் பொதுத்திறவி எவர் கையிலும் இருக்கலாம். இத்தகைய ஒப்பத்தை இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றது. கருவி இயங்கத் தொடங்கும்போது, மாற்றவியலா நினைவகத்திலுள்ள முதல் நிரல் அடுத்ததைச் சோதிக்கும். அது தனக்கடுத்ததைச் சோதிக்கும். இதுவும் ஓர் அந்தாதியே.

இது கருவி செய்வோரோடு நிற்கும் செய்தியன்று. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது கல்வராயன் மலை. 2024 ஏப்ரல் 19 அன்று கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி வாக்களித்தபோது, மலையிலும் சமவெளியிலும் மக்களின் தீர்ப்பு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே பதிவாயிற்று. அடுத்த வாரம், ஏப்ரல் 26இல், நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்பும் கோரிக்கையை மறுத்தது. எனினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் வேண்டினால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தை, அவற்றைச் செய்த நிறுவனங்களின் பொறியாளர்கள் சோதிக்க வழிவகுத்தது. தமிழ்நாட்டில் விருதுநகர், வேலூர் தொகுதிகளிலிருந்து விண்ணப்பங்கள் சென்றன. மாதிரி வாக்குப்பதிவு நடத்திப் பார்த்தல் போதுமா, நினைவகத்தையே சோதிக்க வேண்டுமா என்னும் வழக்கு 2025இல் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது.

இயந்திரம் சரியாக எண்ணுகிறதா என்பது ஒரு சோதனை. அதனுள் இருப்பது மூலப்பாடமேயா என்பது வேறு சோதனை. பாட்டு செவிக்கு இனிதாய் ஒலிப்பதனாலேயே பாடம் தூயது என்று எந்தப் பதிப்பாசிரியரும் துணிவதில்லை.

இரண்டாம் சோதனைக்கு மூலப்படி ஒன்று வேண்டும். அது யாரிடம் உள்ளது, ஒப்பிடும் உரிமை யாருக்கு உண்டு என்பனவே முதன்மையான வினாக்கள். மூலமும் சோதனையும் ஒரு கையிலேயே அமையுமாயின், பிறர்க்கு எஞ்சுவது நம்பிக்கை மட்டுமே. சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தோடு பிற பாடங்களையும் அடிக்குறிப்பில் தந்தார். அதனால் அவர் முடிவை ஏற்கவும் மறுக்கவும் கற்போர்க்கு இடம் கிடைத்தது. பாட்டுக்கு வாய்த்த அவ்வுரிமை வாக்குக்கும் வாய்க்க வேண்டும்.

கோமுகி பாயும் இம்மண்ணில் ஒப்புநோக்கும் நல்வழக்கம் தழைக்க.