பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேரக் கூடாது



கிணற்றுக்கும் தொட்டிக்கும் நாம் போடும் பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற உப்பு. அது ஓர் ஆக்சிஜனேற்றி. கிருமியைக் கொல்லும் அந்தக் குணமே ஆபத்தும் ஆகிறது. கழிவறை கழுவும் ஆசிட் அதில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். கதவடைத்த சிறு கழிவறையில் உயிருக்கே ஆபத்து. எண்ணெய், மண்ணெண்ணெய் பட்டாலும் தீப்பிடிக்கலாம்.

ஆகவே நாங்கள் வேண்டிக் கேட்பது: இரண்டையும் சேர்க்காதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பவுடரை ஈரம் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் மூடி வையுங்கள். நெடி ஏறினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

பள்ளிவாசல் ஹவுளைக் கழுவும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சுத்தம் பேணும் நாம் உயிரையும் பேணுவோம்.