நின்றால் நடுங்கும் எஞ்சின்



சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கும் பழைய கார் ஒன்றை நீங்கள் கவனித்திருக்கலாம். வழியெல்லாம் ஒழுங்காக ஓடிவந்த வண்டி, நின்றதும் குளிர்சுரம் கண்டவனைப்போல் நடுங்கும். அணைந்துவிடாமல் காக்க, ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார். பட்டறைக்காரர்கள் இந்நோயை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். எஞ்சினின் சிலிண்டர்களுள் ஒன்றோ இரண்டோ தம்முடைய முறை வரும்போது எரியாமல் தவறிவிடுகின்றன என்பது அதன் பொருள். ஒருமுறை இந்நோய் என் வண்டிக்கு வந்தது. அதன் காரணத்தைத் தேடி நான் அலைந்த கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கல்லூரியில் பௌதிக ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை, நம் நாட்டில் பல தலைமுறைகள் ஏறிச் சென்ற வண்டி அது. என்னுடையதில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அது நடுங்கத் தொடங்கியது.

நடுக்கம் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது என்று முதலில் பார்ப்போம். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 600 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிகிறது. அதாவது விநாடிக்கு 5 முறை. அந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் நம் உடல் அதை உணர்ந்துவிடும். நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்னும் வேகத்திலோ ஒரே சிலிண்டர் விநாடிக்கு 25 முறை எரிகிறது. அப்போது ஒன்றிரண்டு தவறினால் வேகத்தோடு வேகமாக அது மறைந்துபோகும்.

ஆனால் என் வண்டி வேகமாகச் செல்லும்போது நோயை மறைக்கவில்லை. அப்போது அதற்கு நோயே இல்லை! நான் அந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை. பிளக்குகள், பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் ஒரே மாலையில் புதிதாக மாற்றினேன். பாதிச் சம்பளம் போயிற்று, நடுக்கம் போகவில்லை. அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நடுக்கம் தொடங்கியதற்கு முதல்நாள், திங்கட்கிழமையன்று, பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தான். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். பட்டறைக்குப் போய், பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பட்டறை மேஸ்திரி வயதானவர். “ஐயா, இவன் கெடுத்திருந்தால் நாளை முதல் இவன் இங்கே வர வேண்டாம். ஆனால், முதலில் வண்டியைக் கேட்போம்” என்றார்.

வண்டியை அவர் கேட்ட முறை இது. “மேட்டில் ஏறும்போது தவறுகிறதா?” என்று என்னை வினவினார். இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் புகுந்து, மிகுதியாக அமுக்கப்படுகிறது. நெருங்கிய வாயுவின் ஊடே தீப்பொறி பாய்வது கடினம். ஆதலால் தீப்பொறியில் உள்ள குறை பெரும்பாலும் பாரம் ஏறும்போதுதான் முதலில் வெளிப்படும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காப்பிட்ட கருவி ஒன்றினால் ஒவ்வொரு பிளக்காக மின்சாரத்தைத் தடுத்தார். இன்றைய மின்னணு எரியூட்டு அமைப்புள்ள வண்டிகளில் நீங்கள் இதைச் செய்யலாகாது. ஒன்றாவது, இரண்டாவது சிலிண்டர்களைத் தடுத்தபோது எஞ்சின் மிகத் தள்ளாடியது. மூன்றாவதையும் நான்காவதையும் தடுத்தபோது அவ்வளவாக மாறுதல் இல்லை. உழைக்காதவனை வேலையிலிருந்து நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆகவே, சோம்பியவர் இருவர். அவர்கள் அடுத்தடுத்து இருப்பவர்கள்.

அடுத்து முதல் சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதிலும், மூன்றாவதன் பிளக்கை முதலாவதிலும் மாட்டினார். வேறெதையும் தொடவில்லை. பிளக்கில் குறை இருந்தால் அது பிளக்கோடு இடம் மாறவேண்டும் அல்லவா? மாறவில்லை. பிறகு அமுக்கமானியை வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகையால் வால்வுகள் சரியாக மூடுகின்றன. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கேஸ்கட் கிழியவில்லை.

“மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவானது எது ஐயா?” என்று கேட்டார். பௌதிக ஆசிரியன் விழித்தேன். அவரே சொன்னார். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைய இரண்டே வாயில்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மூன்றும் நான்கும் மற்றொன்றை.

மறுநாள் காலை, எஞ்சின் நன்கு குளிர்ந்திருந்த வேளையில் அதை ஓடவிட்டு, பின்வாயிலும் மானிபோல்டும் சேரும் இணைப்பில் எண்ணெய்க் குப்பியால் சில துளிகள் கெட்டி எண்ணெய் விட்டார். இணைப்பு அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. நடுக்கம் நின்றது! சில விநாடிகள் கழித்து மறுபடியும் தொடங்கியது. இத்தகைய சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்களும் உண்டு. அது தீயை விருந்துக்கு அழைப்பதாகும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

எங்கே பிழை என்பது தெரிந்துவிட்டது. ஏன் நிற்கும்போது மட்டும் நடுக்கம்? வண்டி நிற்கையில் காற்று செல்லும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. சிலிண்டர்களோ இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எனவே மானிபோல்டினுள் அழுத்தம், வெளியே உள்ள காற்றின் அழுத்தத்தைவிடப் பாதரச அளவில் 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துவிடுகிறது. சிறு சந்து இருந்தாலும் வெளிக்காற்று சீறிக்கொண்டு புகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் சுமார் 15 பங்கு காற்று என்ற விகிதம் கெட்டு, கலவை நீர்த்துப்போகும். பொறி விழுந்தாலும் அது பற்றாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கதவு திறக்கிறது; உறிஞ்சும் வேகம் சந்தில் தணிகிறது; நேர்வழியில் வரும் காற்றின் வெள்ளத்தில் சந்து வழிக் காற்று ஒரு துளியாகிவிடுகிறது. ஆதலால்தான் ஓடும்போது நோய் இல்லை. வளிமண்டல அழுத்தத்தை நான் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்தவன். என் வண்டிக்குள் அது வேலை செய்வதை நான் காணவில்லை.

மேஸ்திரி ஸ்பானரை எடுத்தார். “இந்தக் கடைசி நட்டு இறுகவே இல்லையே! இந்த மானிபோல்டைக் கழற்றியது யார்?” என்றார்.

நண்பர்களே, கழற்றியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை, புகை ஒழுகுகிறது என்று நானே அதைக் கழற்றி மாட்டினேன். சில ரூபாயை மிச்சம் பிடிக்கப் பழைய கேஸ்கட்டையே வைத்தேன். பின்புறத்துக் கடைசி நட்டுக்கு ஸ்பானர் சரியாக எட்டவில்லை. போதும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை பையன் செய்தது எனக்கு நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது நினைவில் இல்லை. பொய் சொல்லவேண்டும் என்று நான் எண்ணியதில்லை. சந்தேகப்பட வேண்டியவர்களின் வரிசையில் என் பெயரை எழுத மறந்தேன், அவ்வளவுதான். அந்த மறதியினால் ஒரு பையனின் பிழைப்பு போயிருக்கும்.

எத்தனை பேர் முன்னிலையில் கடிந்தேனோ, அத்தனை பேர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. புதிய கேஸ்கட்டை வைத்து, கைக்கு எட்டாத அந்த நட்டை அவனே முடுக்கினான்.

இன்றைய கார்களில் கணிப்பொறி இருக்கிறது. சுழற்சி வேகத்தின் நுண்ணிய ஏற்றத்தாழ்வை அளந்து, தவறும் சிலிண்டரை அது அறிந்துகொள்கிறது. பி 0303 என்று குறியீடு காட்டினால், மூன்றாவது சிலிண்டர் தவறுகிறது என்பது பொருள். எது தவறுகிறது என்று அது சொல்லும். ஏன் தவறுகிறது என்பதை இன்றும் மனிதன்தான் ஆராய்ந்து காணவேண்டும். அவ்வாறு ஆராயும்போது ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோய் எப்போது வருகிறது என்பதைப்போலவே, எப்போது வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறரைச் சோதிக்கும் முன்னர், கடைசியாக நம் கை எங்கே பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.