துருவுக்குள் தூங்கும் தாத்தாவின் புல்லட்



கிள்ளானில் ஒரு டெரஸ் வீடு. பின்கட்டில் பழைய கென்வாஸ் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தபோது வாங்கிய வண்டி. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. பெட்ரோல் டாங்கிக்குள் துரு. ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் லோரியோடு வாசலில் வந்து நிற்கிறார். "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதே, கொடுத்திடுங்கம்மா" என்கிறார். வீட்டில் உள்ளவர்களுக்கும் இடம் ஒழிந்தால் போதும் என்றிருக்கிறது. தாத்தா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட வண்டிகள் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எத்தனையோ லோரி ஏறிப் போய்விட்டன. மிச்சம் இருப்பதையாவது வீட்டிலேயே பழுதுபார்த்து எழுப்ப முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, பொறுமையும் வேண்டும்.

ரெடிச் முதல் திருவொற்றியூர் வரை

ஒரு காலத்தில் மலாயாவில் மோட்டார் சைக்கிள் என்றாலே பிரிட்டிஷ் வண்டிதான். பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., கவென்ட்ரியின் டிரையம்ப், நோர்ட்டன், ரெடிச் ஊரின் ராயல் என்ஃபீல்ட் ஆகியவையே சாலையில் பேர் போனவை. பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு 'பர்மிங்காம் சிறு ஆயுதங்கள்' என்று பொருள். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரில் அதன் எம்.20 ரக வண்டிகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டன.

பிறகு ஜப்பானிலிருந்து ஹோண்டா கப் வந்தது. சிறிய வண்டி, எண்ணெய் ஒழுகாது, ஒரு மிதியில் கிளம்பும். 'கப்சாய்' என்று பெயர் வாங்கி வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒவ்வொரு தொழிற்சாலையாக மூடப்பட்டது. ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடியது. டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலை 1983-இல் மூடியது.

ஆனால் தமிழர்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய கதை ஒன்று இதற்குள் இருக்கிறது. இந்திய ராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட் வண்டிகள் தேவைப்பட்டபோது, அந்த ஆர்டரைப் பெற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டியில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறி வந்து, எல்லாப் பாகங்களையும் திருவொற்றியூர்த் தொழிலாளிகளே செய்யத் தொடங்கினார்கள். தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் பிள்ளைத் தொழிற்சாலை நிற்கவில்லை. 1977-இல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்!

கதை அதோடு முடியவில்லை. நோர்ட்டன் நிறுவனத்தை 2020 ஏப்ரலில் 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு வாங்கியது தமிழ்நாட்டின் டி.வி.எஸ். பி.எஸ்.ஏ. என்ற பெயர் 2016-இல் மஹிந்திரா குழுமத்தின் கைக்கு வந்தது. பெயர்களை நம்மவர்கள் மீட்டுவிட்டார்கள். வீட்டுப் பின்கட்டில் நிற்கும் வண்டியை யார் மீட்பது?

முதலில் காகிதம், பிறகுதான் ஸ்பேனர்

ஆர்வத்தில் முதல் நாளே எஞ்சினைக் கழற்றிவிடுகிறார்கள் பலர். அது தவறு. முதலில் தேட வேண்டியது வண்டியின் கிராண்ட். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் எண் தெரியும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தேய்த்த எண்ணைக் கண்டால் சோதிக்கிற அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டாமல் கிடந்த வண்டி என்றால், காசு செலவழிக்கும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய் அதன் நிலை என்ன என்று விசாரித்துவிடுவது நல்லது. கிராண்ட் இல்லாமல் யாரோ விற்கும் வண்டியை மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள், அழகாகச் செய்து முடித்த பிறகும் அதைச் சாலையில் ஓட்ட முடியாமல் வரவேற்பறையில் நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. வண்டி தாத்தாவின் பெயரில் இருக்கிறதா? அவர் நல்லபடியாக இருக்கும்போதே பெயர் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். அவர் காலமான பிறகு வாரிசு ஆவணம் வேண்டும், எல்லாப் பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். இருபது வருடம் திரும்பிப் பார்க்காத வண்டிக்காக அண்ணன் தம்பி முகம் திருப்பிக்கொள்ள வேண்டி வரலாம்.

எண் பலகையையும் மாற்ற அவசரப்பட வேண்டாம். கோலாலம்பூர் 1974-இல்தான் கூட்டரசுப் பிரதேசமானது; 'டபிள்யூ' எழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் பிரிக்ஃபீல்ட்சில் வாங்கிய வண்டிக்கும் சிலாங்கூரின் 'பி' எழுத்துதான். அந்தப் பலகையிலேயே ஊரின் வரலாறு இருக்கிறது.

13-ஆம் நுழையாது, 14-ஆம் பிடிக்காது

இனி ஸ்பேனர். இன்றைய வீடுகளில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் இருப்பதோ பெரும்பாலும் விட்வொர்த் அளவு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த திருகு முறையிலிருந்து வந்தது அது. விட்வொர்த் ஸ்பேனரில் 'கால் அங்குலம்' என்று போட்டிருந்தால் அது ஸ்பேனர் வாயின் அளவு அல்ல, போல்ட்டின் தண்டு அளவு. அதன் வாய் சுமார் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். 13 ஸ்பேனர் நுழையாது. 14 போட்டால் வழுக்கி, போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். எத்தனையோ நல்ல எஞ்சின்கள் கெட்டது துருவினால் அல்ல, அவசரத்தில் போட்ட தவறான ஸ்பேனரால்தான்.

இதைத் தாத்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் நம்மவர்கள் எத்தனை பேர்! பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் குடியிருந்தவர்கள் எத்தனை பேர்! பிரிட்டிஷ் ரயில் எஞ்சின்களிலும் அதே விட்வொர்த் திருகுதான். காலையில் ரயில் எஞ்சினில் பிடித்த அளவு, மாலையில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தியது. அந்தக் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அந்தக் கைப்பழக்கம் இன்னும் சில முதியவர்களிடம் மட்டும் இருக்கிறது.

எஞ்சினை எழுப்பும் முறை

நீண்ட நாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும். ஆத்திரப்பட்டு உதைத்தால் கிக்கர் பல் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எதுவும் ஞாபகத்தில் இருக்காது.

டாங்கித் துருவுக்கு வினிகரை நிரப்பி ஓரிரு நாள் ஊறவிட்டாலே போதும். ஆனால் கழுவிய கையோடு சோடா உப்பு நீரால் அலசி, நன்றாகக் காயவைத்து, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் காலையில் கழுவிய டாங்கி மாலைக்குள் மறுபடி சிவந்துவிடும். ஓட்டை அடைக்கிறேன் என்று பழைய டாங்கியை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. காலி டாங்கியிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், அது வெடிக்கும்.

மின்பொறி வரவில்லை என்றால் மேக்னீட்டோவைப் பாருங்கள். லூக்கஸ் மேக்னீட்டோவில் பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் போதும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்டென்சர் அல்லது சுருள்தான் காரணம். அதை வீட்டில் நோண்டாமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல்.

பி.எஸ்.ஏ., டிரையம்ப், நோர்ட்டன் வண்டிகளில் என்ஜின் ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. வாரக்கணக்கில் நிறுத்தினால் அந்த ஆயில் மெல்ல இறங்கி எஞ்சினின் அடியில் தேங்கிவிடும். கிளப்பும் முன் அதை வடிக்க வேண்டும். கழிவு ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல், அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி எறியுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை புல்லட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சென்னையில் பல்லாண்டு அதே ரகம் ஓடியதால் சாமான் கிடைக்கும். ஆனால் ரெடிச் வண்டிக்கு எல்லாமே அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பழைய பாகத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு பழக்கம்

வண்டி கிளம்பிவிட்டது; 'டக் டக்' என்று சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. இங்கேதான் மிகப் பெரிய எச்சரிக்கை தேவைப்படுகிறது.

கப்சாய் ஓட்டிப் பழகியவருக்குக் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். பழைய பிரிட்டிஷ் வண்டியில் நேர்மாறு. புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அவசரத்தில் மூளை யோசிப்பதில்லை, கால் தன் பழக்கத்தைத்தான் செய்யும். ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தால், பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்துவார். வண்டி கியர் மாறுமே தவிர நிற்காது. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எனவே முதல் சில வாரம் ஆளில்லாத திடலில் மட்டுமே பழகுங்கள். டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக் போல் பிடிக்காது; முன்னால் போகும் வாகனத்தோடு இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். பி2 லைசென்ஸ் 250 சி.சி. வரைதான் செல்லும். 346 சி.சி. புல்லட்டுக்கு அது போதாது என்பதையும் இளைஞர்கள் மறக்கக் கூடாது.

எதற்காக இத்தனை பாடு?

லாபத்துக்காக என்றால் வேண்டவே வேண்டாம். செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வராமல் போவதே அதிகம். நேரத்துக்கோ கணக்கே இல்லை.

அந்தக் கிள்ளான் வீட்டுக்கே திரும்புவோம். இரும்பு லோரி வெறுங்கையோடு போய்விட்டது. பேரன் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டுகிறான், வழுக்குகிறது. நாற்காலியிலிருந்து குரல் வருகிறது: "அது இல்லப்பா, என் பழைய பெட்டியில பாரு. கால்னு போட்டிருக்கும்." பல நாளாக வீட்டில் அதிகம் பேசாத மனிதர் பேசுகிறார். அடுத்த நாள் நாற்காலி வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எந்தச் சத்தம் வால்வு, எந்தச் சத்தம் செயின் என்று அவர் சொல்லச் சொல்லப் பேரன் கைப்பேசியில் பதிவு செய்கிறான்.

எந்தப் பட்டறைப் புத்தகத்திலும் அந்தப் பாடம் இல்லை. வண்டிக்கு உதிரி பாகம் சென்னையிலிருந்து வரும், இங்கிலாந்திலிருந்தும் வரும். அந்த அனுபவத்துக்கு உதிரி பாகம் கிடையாது. அவர் இருக்கும்போதே வாங்கிக்கொண்டால்தான் உண்டு.

உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் கென்வாஸ் மூடிய ஏதாவது நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை விலக்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போடுங்கள்.