கச்சானும் வாடையும்



மீன்பிடித்தல் என்றவுடன், நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில், இறகினாற் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலிற் கோத்து வீசும் ஆங்கிலேயரின் பொழுதுபோக்குச் சிலருக்கு நினைவில் எழக்கூடும். அவ்வோடைகளில் வாழும் திரௌட் மீன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட இனமாகும். அங்கே மீன் தப்பினால் எவர்க்கும் நட்டமில்லை. மீன் தப்பினால் அடுப்பெரியாத கரையொன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றுக்கு வடக்கே, கழியும் கடலும் கூடுமிடத்தில் அமைந்தது இலங்கைத்துறை முகத்துவாரம். இங்குள்ளோர் காலத்தைக் காற்றினால் அளப்பர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மலைநாடு பறித்துக்கொள்ள, அது வறண்ட காற்றாய் நம்மிடம் வந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. அதனால் மேற்குக்கரை கொந்தளிக்கும் அதே மாதங்களில் நமது கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் கீழ்க்கரைக்கு வந்து வாடி அமைப்பதும் இது கருதியே. போர்க்காலத்தில் அறுந்த அவ்வழக்கம் 2009க்குப் பின் மீண்டது.

கரைவலை இக்காலத்துக்குரியது. தோணி வலையை அரைவட்டமாக விட்டுத் திரும்ப, கம்பாக் கயிற்றின் இரு தலைப்பையும் கரையில் நிற்போர் பற்றி இழுப்பர். இரு பக்கமும் ஒரே சீராக வரவேண்டும். ஒன்று முந்தினால் மீன் வழிகண்டு போய்விடும். அம்பாப் பாட்டுப் பிறந்தது இச்சீருக்காகத்தான். சில கரைகளில் உழவு இயந்திரம் கயிற்றை இழுத்ததும் உண்டு. அதற்குப் பாட்டு வேண்டியதில்லை. அத்தனை கைகளும் வேண்டியதில்லை.

வாடைக்காற்று எழுந்ததும் கடற்றொழில் ஒடுங்கும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், 2004 மார்கழியின் ஆழிப்பேரலையும் இம்மாதங்களிலேயே கீழ்க்கரையைத் தாக்கின. அப்போது குடும்பங்களைக் காப்பது கழி. இறால் கடலிலே முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தினூடே கழிக்குட் புகுந்து, அங்கே வளர்ந்து, பின்னர்க் கடலுக்கு மீளும். வாயில் மணலால் அடைபட்டால் இப்போக்குவரத்து நின்றுவிடும்.

மாரியில் அம்மணலை எப்போது வெட்டுவது என்பதிலேதான் சிக்கல். மட்டக்களப்பு வாவியிலும் இவ்வழக்குண்டு. வயலில் வெள்ளம் நிற்கும் உழவன் இன்றே வெட்டு என்பான். வளராத இறால் வெள்ளத்தோடு போய்விடும் என்று அஞ்சும் வலைஞன் சற்றுப் பொறு என்பான். இருவர் சொல்வதும் நியாயமே. வயலின் நீர்மட்டத்தை அளக்கக் கோலுண்டு. கழியின் விளைவை அளக்க, அங்கு நாள்தோறும் வீச்சுவலை எறியும் முதியவரின் கண்ணைத் தவிர வேறு கருவியில்லை. வெட்டும் நாளைக் குறிக்கும் கூட்டத்தில், அதிகாரிகளோடும் வட்டை விதானைகளோடும் அம்முதியவர்க்கும் ஓர் ஆசனம் வேண்டும். அதுவும் மண்வெட்டி மணலிற் படுவதற்கு முன்னரே வேண்டும்.