ஊரைப் படிக்கும் வயது

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பழைய மாணவிகள் சங்கத்தின் உள்ளூர் வரலாறு, பண்பாடு வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பில் மிக இளையவருக்கு வயது 58; மூத்தவருக்கு 84. மாதத்தின் முதற் சனிக்கிழமை பாடசாலை நூலகத்தில் கூடுகிறோம். மூன்று மாதத்திற்கு ஒரு தடவை வான் பிடித்து, புளிச்சோறும் தேத்தண்ணிப் போத்தலுமாக வெளியே போகிறோம். பரீட்சை இல்லை. முழங்கால் நோவு எல்லோருக்கும் உண்டு. "இந்த வயதில் என்ன படிப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குரிய மறுமொழியே இந்த உரை.

நாங்கள் மாணவிகளாக இருந்தபோது அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் ஐரோப்பியப் போர்களையும் படித்தோம். ஆசிரியைகள் நன்றாகவே கற்பித்தார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற கல்லைப் பற்றி எந்தப் பாடநூலிலும் ஒரு வரி இருக்கவில்லை. வகுப்பின் முதற் பாடத்தை அந்தக் கல்லிலிருந்தே தொடங்கினோம்.

அது சுமைதாங்கி. நிறுத்திய கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு தனியே நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறலாம். மீண்டும் தலையில் ஏற்றலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காத சுமைக்காக வழிப்போக்கரின் சுமையைத் தாங்க ஒரு கல். இதைக் கேட்டபோது, பிள்ளைப்பேறு கண்ட நாங்கள் எல்லோரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். பெண்களின் பெயர் எழுதப்படாத வரலாற்றில், பெயரில்லாமலே நிற்கும் நினைவுச் சின்னம் அது.

சுமைதாங்கியின் அருகே மாடுகள் உடம்பை உரோஞ்ச ஆவுரோஞ்சிக்கல், நீர் அருந்தக் கேணி, மனிதர் தங்க மடம் என்று அமைத்திருந்தார்கள். பருத்தித்துறையில் தெருமூடிமடத்தைப் பார்க்கப் போனோம். வீதியே மடத்தினூடாகப் போகிறது. இரு புறமும் திண்ணை. வெயிலில் நடந்து வருபவரை வழியிலேயே மறித்து இருத்தும் கட்டிடம்.

அடுத்த பாடம் தண்ணீர். எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குளங்களும் கேணிகளும் மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குபவை. குப்பை கொட்டிக் குளத்தைத் தூர்த்தால் எங்கள் கிணறுதான் உவராகும். உள்ளூர் வரலாறு பழங்கதை அல்ல, அது பேரப்பிள்ளைகளின் குடிதண்ணீர் என்பதை அன்று விளங்கிக்கொண்டோம்.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் போனோம். பலர் அம்மனைக் கும்பிட எத்தனையோ தடவை போனவர்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது என்பது பலருக்குப் புதுச் செய்தி. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் பாதுகாக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. பொலநறுவையில் இருந்த மன்னன் எமது துறைமுகத்துக்கான சட்டத்தைத் தமிழில் எழுதுவித்தான். இந்த ஒரு கல்லை வைத்து இரண்டு வகுப்புகள் பேசினோம்.

சகோதரிகளே, கல்வெட்டு எண்ணூறு ஆண்டுகள் நின்றது. மற்றவை அப்படி நிற்பதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஓலைச் சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டு அல்பங்களையும் உறுதிகளையும் விட்டு ஓடினோம். சென்ற ஆண்டு நாங்கள் பார்க்கப் போன ஒரு சுமைதாங்கி, வீதி அகலிப்பில் பெயர்க்கப்பட்டு மதகோரம் கிடந்தது. எஞ்சியிருப்பது எங்கள் ஞாபகம். அதற்கும் வயதாகிறது.

வலிகாமம் வடக்கைச் சேர்ந்த அக்கா ஒருவர் எங்களோடு படித்தார். 1990 இல் ஊரை விட்டு வெளியேறியவர். தம் வீட்டிலிருந்து கோயில் வரை இருந்த ஒவ்வொரு கிணறு, கேணி, ஆலமரத்தின் பெயரையும், அதை யார் வெட்டினார், யார் நட்டார் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் முறைவைத்து எழுதினோம். அப்பியாசக் கொப்பியில் 22 பக்கம் வந்தபோது அவர் காலமானார். அவருடைய பாதை கோயில் வரை போய்ச் சேரவில்லை. ஆனால் அந்த 22 பக்கமும் வேறு எந்த நூலிலும் இல்லை. "இந்த வயதில் என்ன படிப்பு?" என்ற கேள்விக்கு எங்கள் மறுமொழி அந்தக் கொப்பிதான்.

ஆகவே இந்த நூற்றாண்டு விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஒழுங்கையின் பெயர், குளத்தின் பெயர், மடம் கட்டியவர் யார் என்று நீங்கள் கேட்டறிந்தது போதும். அழகாக எழுத வேண்டியதில்லை.

வெளிநாட்டுச் சகோதரிகளே, உங்களிடமுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் நிற்பவர்களின் பெயரையும் குறித்து, பிரதி எடுத்து அனுப்புங்கள்.

அதிபர் அவர்களே, பத்தாம் ஆண்டு மாணவிகளை எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். நாங்கள் சொல்ல, அவர்கள் பதிவு செய்யட்டும். படகில் ஏறும்போது எங்கள் கையையும் பிடிக்கட்டும்.

அடுத்த சுற்றுலாவுக்கு வானில் நான்கு இருக்கைகள் மிச்சம் இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்தியுங்கள்.