ஒத்த கட்டம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒளியின் தளவிளைவையும் குறுக்கீட்டு விளைவையும் அளப்பது பற்றிப் பேசப் பெங்களூரில் கூடியிருக்கிறோம். பஞ்சரத்தினத்தின் பெயரைச் சொல்லாமல் இங்கே தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பெருமை ஒருபுறம் இருக்கட்டும். நம்மில் பலர் இன்றும் கேட்காமல் தாண்டிப்போகும் கேள்வி ஒன்றை அவர் 1956இல் கேட்டுவிட்டார்.

அவர் சி. வி. ராமனின் சகோதரி மகன். அப்போது வயது 22. இவ்வூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில், அயோலைட் போல ஒளியை உறிஞ்சும் படிகங்களில் தெரியும் குறுக்கீட்டு உருவங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்தகைய படிகத்துக்குள் செல்லும் இரு கற்றைகளின் தளவிளைவு பொதுவாக ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான். இரண்டும் ஒரே தளவிளைவு உடையவை என்றால் முகட்டோடு முகடு சேர்கிறது என்று சொல்லிவிடலாம். செங்குத்தானவை என்றால், ஃபிரெனெலும் அராகோவும் காட்டியபடி, பட்டைகளே தோன்றா. ஒன்று நேர்கோட்டில் அதிர்கிறது, மற்றொன்று வட்டமாகச் சுழல்கிறது என்றால் எந்த முகட்டை எதோடு பொருத்துவது?

அவர் தந்த விடை எளிது. இரண்டையும் ஒன்றாக விழவிடு. ஒன்றின் கட்டத்தை மட்டும் மெல்ல மாற்று. மொத்தச் செறிவு உச்சத்தைத் தொடும் நிலைதான் ஒத்த கட்டம். அளக்கும் முறையே வரையறை ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிடைத்தளத்தில் அதிரும் ஒரு கற்றை, 45 பாகையில் அதிரும் ஒரு கற்றை, வட்டத் தளவிளைவு உடைய ஒரு கற்றை என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதும் இரண்டாவதும் ஒத்த கட்டம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்த கட்டம். ஆனால் மூன்றாவதை முதலாவதோடு ஒப்பிட்டால் 45 பாகை விலகி நிற்கும், அதாவது அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு தளவிளைவு நிலையையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் பாங்கரே கோளத்தில் இம்மூன்று நிலைகளும் கோளப்பரப்பின் எட்டில் ஒரு பகுதியை வளைக்கின்றன; அந்த முக்கோணம் கோள மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் பாதிதான் இந்த விலகல்.

இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் இதைப் பற்றி வந்த அவரது 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுமார் முப்பது ஆண்டுகள் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் வடிவியல் கட்டத்தைப் பற்றி எழுதிய பிறகுதான், 1986இல் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இதை அதன் முன்னோடியாக எடுத்துக்காட்டினார்கள். மறு ஆண்டே பெர்ரியும் பஞ்சரத்தினத்தின் கட்டத்தைப் பற்றி எழுதினார். ஆனால் அதைக் கேட்கப் பஞ்சரத்தினம் இல்லை. 1969இலேயே ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில் காலமாகியிருந்தார். வெளியூர்க்காரர் சொன்ன பிறகுதான் நம் வீட்டுப் பெட்டியை நாம் திறந்து பார்க்கிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் திறந்த பிறகு சும்மா இருக்கவில்லை: 1988இல் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் அதே ராமன் நிறுவனத்தில் லேசர் குறுக்கீட்டுமானி கொண்டு இந்தக் கட்டத்தை நேரில் அளந்தார்கள்.

இன்று கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். குறுக்கீட்டுமானியின் ஒரு கையில், லேசரின் அதிர்வுத் தளத்துக்கு 45 பாகையில் இரண்டு கால் அலைத் தட்டுகள், அவற்றின் நடுவே ஓர் அரை அலைத் தட்டு. நடுத்தட்டை ஒரு பாகை திருப்பினால் கட்டம் இரண்டு பாகை நகரும். ஒளி செல்லும் பாதை நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. ஆனால் திரையில் பட்டைகள் நகர்கின்றன.

ஆனால் பட்டை நகர்ந்ததும் கைதட்டிவிடக் கூடாது. தட்டின் இரு முகங்களும் சரியாக இணையாக இல்லாவிட்டால், திருப்பும்போது கற்றையே அலைபாயும். பட்டை அதனாலும் நகரும். 45 பாகையில் நிற்கும் உலோக ஆடி, படும் தளத்தில் அதிரும் ஒளியையும் அதற்குச் செங்குத்தாக அதிரும் ஒளியையும் ஒரே கட்டத்தில் திருப்பி அனுப்புவதில்லை. கற்றைப் பிரிப்பானும் அப்படித்தான். கட்ட வேறுபாட்டை அளந்தோம் என்று வரும் கட்டுரைகள் பலவற்றில், அந்தக் கருவிகள் தளவிளைவை என்ன செய்தன என்ற வரியே இருப்பதில்லை. எந்த இரு நிலைகளுக்கு இடையிலான கட்டம் என்பதும் இருப்பதில்லை. அவ்விரண்டும் இல்லாத எண்ணை எண் என்று ஏற்க எனக்குத் தயக்கம்தான்.

கருவியின் பிழையை எப்படிக் கையாள்வது என்பதற்கு, எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளக்க 2024 ஜனவரி 1 அன்று விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் செயற்கைக்கோளைப் பாருங்கள். அதிலுள்ள போலிக்ஸ் கருவியும் ராமன் நிறுவனத்தில் உருவானதுதான். பெரிலியத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்களை அதைச் சூழ்ந்திருக்கும் நான்கு எண்ணிகள் பிடிக்கின்றன. நான்கும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வழியில்லை. அதனால், பார்க்கும் திசையையே அச்சாகக் கொண்டு கலம் முழுவதும் சுழல்கிறது. ஒவ்வோர் எண்ணியும் எல்லாக் கோணங்களையும் பார்த்துவிடுவதால், கருவியின் கோணலை விண்மீனின் தலையில் கட்டும் ஆபத்து குறைகிறது.

பிற்பகல் செய்முறை அமர்வில் நான் சொன்ன குறுக்கீட்டுமானி மேசைமேல் இருக்கும். அரை அலைத் தட்டை 180 பாகை திருப்பிப் பாருங்கள். சரியாக ஒரு பட்டை நகர வேண்டும். கூடவோ குறையவோ வந்தால், கோட்பாட்டைத் தொடும் முன் ஒரு கையை மறைத்து, மற்றக் கற்றையின் புள்ளி திரையில் இடம் மாறுகிறதா என்று சோதியுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.