பாயசத்தைக் கவிழ்த்த கிழவர்

கல்யாண வீடு. மேளச் சத்தம். எல்லோரும் பந்தலில் இருக்கிறார்கள். சமையல் கட்டில் ஊருக்கே பரிமாறுகிற அளவுக்குப் பாயசம், பெரிய தவலையில் தயாராக இருக்கிறது. பெண்ணுக்குத் தாத்தா முறையாகிற ஒருவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்து, அத்தனையையும் கவிழ்த்து விடுகிறார். ஏன் என்று கேட்டால், பெருச்சாளி விழுந்து கிடந்தது என்று கூசாமல் சொல்கிறார்.

தி. ஜானகிராமனின் 'பாயசம்' சிறுகதையில் வரும் சாமநாதுதான் இந்த மனிதர். 1921இல் பிறந்து 1982இல் மறைந்த ஜானகிராமன், அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்பைக் கவனித்தவர். மனிதர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவர் என்பது கதையைப் படித்தாலே தெரியும்.

சாமநாது செய்தது பச்சைப் பொறாமை. கல்யாணத்தை நடத்துகிற அண்ணன் பிள்ளை சுப்பராயன் செல்வாக்கும் குடும்பமுமாகக் கொழிக்கிறார். சாமநாதுவுக்கோ மனைவி வாலாம்பாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கணவனை இழந்து வீட்டோடு இருக்கிறாள். பாவம், துக்கம் தாங்காமல் செய்துவிட்டார் என்று முடித்துவிடலாமே? கதை அந்தச் சலுகையைத் தருவதில்லை. தன் உடம்பு வயசுக்கு மீறி வலுவாக இருக்கிறது என்று அண்ணன் பிள்ளையோடு ஒப்பிட்டு மகிழ்கிற கிழவர் அவர். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவருக்கு மனசெல்லாம் சுப்பராயன் மேல்தான். செத்துப்போன வாலாம்பாள் அவர் நினைவில் வந்து இடித்துப் பேசுகிறாள். உண்மையில் அது அவருடைய குரல்தானே! தன் அற்பத்தனம் அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை தவலைக்குப் போகிறது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' வேறு மாதிரி. 1934இல் வந்த கதை. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். அதற்காக முக்கால் ரூபாய்க்கு அம்மாளு ஒருவனோடு போகிறாள். அங்கே வறுமை கண்ணெதிரே நிற்கிறது. படிக்கிறவர்கள் அவளை ஒரு நொடியில் மன்னித்துவிடுவார்கள். கோபமெல்லாம் ஊர் மேல் திரும்பும். சாமநாதுவை அப்படி விடுவிக்க வழியில்லை. அவரை யாரும் பட்டினி போடவில்லை.

அதனால்தான் மகளை அந்த இடத்துக்கு வரவைக்கிறார் ஜானகிராமன். மற்றவர்கள் பெருச்சாளிக் கதையை நம்பிவிடலாம். அவள் சும்மா பார்க்கிறாள். அந்தப் பார்வையைக் கிழவரால் தாங்க முடியவில்லை. யாருடைய துயரத்தைத் தன் செயலுக்குச் சாக்காகச் சொல்லியிருக்கலாமோ, அவளே எதிரே நின்று அவரைப் பார்க்கிறாள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று அவளிடமே சொல்ல முடியுமா?

2021இல் வெளியான 'நவரசா' தொகுப்பில் இயக்குநர் வசந்த் இந்தக் கதையைப் படமாக்கினார். ஒன்பது ரசங்களில் அதற்குக் கிடைத்தது அருவருப்பு. அந்த வகைப்பாடு தப்பில்லை, ஆனாலும் சாமநாது அந்த ஒரு ரசத்துக்குள் அடங்குகிற ஆள் இல்லை. நல்லவேளையாக, சாமநாதுவாக வந்த டெல்லி கணேஷ் அந்தக் கிழவரின் குழந்தைத்தனமான வீம்பையும் விடாமல் நடித்திருந்தார்.